நடத்துநருக்கும் ஒரு பயிற்சி வகுப்பு

எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு ஆறு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் இளைஞர் ஒருவர் இருக்கின்றார். வயது இருபத்து மூன்று. அறிவுசார் குறைபாடு உடையவர். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு வராது. ஆனால் தம் வீட்டருகே வரும் நகரப் பேருந்தின் எண்ணைத் தொலைவிலேயே கண்டுகொள்வார். அவர் தனியாகப் பேருந்தில் வந்து செல்ல வேண்டும் என்பது அவருடைய தாயாரின் நெடுநாள் விருப்பம். அதற்காக எட்டு மாதங்கள் பயிற்சி அளித்தோம். நிறுத்தத்தில் எங்கே நிற்பது, எண்ணைப் பார்த்தபின் கையை நீட்டுவது, கம்பியைப் பிடித்துக்கொள்வது, நடத்துநர் வரும்போது இறங்குமிடத்தின் பெயரைச் சொல்லி அட்டையைக் காட்டுவது, கோயில் கோபுரம் தெரிந்தவுடன் எழுந்து வாயிலருகே வருவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தோம். முதலில் தாயார் அருகில் அமர்ந்தார். பிறகு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தார். பிறகு எங்கள் பயிற்சியாளர் ஒருவர் தெரியாதவர்போல் அதே வண்டியில் வந்தார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் தனியாகப் புறப்பட்டார்.

அன்று வண்டியில் கூட்டம். நடத்துநர் வந்து, "எங்கப்பா போகணும், ஐடி வச்சிருக்கியா, கூட யாரு வந்திருக்கா?" என்று ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கின்றார். நம் இளைஞர் கடைசிச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு, "யாரு வந்திருக்கா" என்று திருப்பிச் சொன்னார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்மைக் கேலி செய்வதாக நடத்துநர் நினைத்தார். மீண்டும் உரத்த குரலில் கேட்டார். மீண்டும் அதே விடை. குடித்துவிட்டு வந்திருக்கின்றான் என்று யாரோ சொல்ல, விசில் ஊதி வண்டியை நிறுத்தி, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்.

இறக்கிவிட்ட இடத்திலேயே அவர் இரண்டரை மணி நேரம் நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்த பேருந்து எண் அவ்வழியே அதன்பின் மூன்று முறையேனும் சென்றிருக்க வேண்டும். அவர் ஏறவில்லை. தேநீர்க்கடைக்காரர் ஒருவர் விசாரித்து, சட்டைப் பையில் இருந்த தொலைபேசி எண்ணைக் கண்டு தாயாரை அழைத்தார். அதற்குப் பின் நான்கு மாதங்கள் அந்த இளைஞர் எந்தப் பேருந்திலும் ஏற மறுத்தார். பேருந்தின் ஒலி கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியுடன், தாயார் அவரை மீண்டும் ஆட்டோவில் அழைத்துவரத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாளாக இருந்த வருகை ஒரு நாளாகக் குறைந்தது. ஆட்டோக் கட்டணமே அதற்குக் காரணம்.

எந்த வண்டி, எந்தப் பணிமனை என்பதை நாங்கள் இங்கே எழுதவில்லை. அது தேவையும் இல்லை. இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் பலருக்கும் இதுபோன்ற ஒரு நிகழ்வு நினைவில் இருக்கும். அந்த நடத்துநர்மீது எங்களுக்குக் கோபம் இருந்தது. பின்னர் அமர்ந்து யோசித்தபோது ஒரு பகுதி எங்கள்மீதே திரும்பியது. நாங்கள் அவருக்கு 'அட்டை' என்ற சொல்லைக் கற்பித்திருந்தோம். வீட்டில் அதனைப் 'போட்டோ அட்டை' என்பார்கள். பேருந்தில் அதற்குப் பெயர் 'ஐடி'. இந்தச் சிறு வேறுபாட்டை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை. எட்டு மாதங்களாகப் பயணிக்குப் பயிற்சி கொடுத்தோம்; பயணியை எதிர்கொள்ளப் போகின்றவரிடம் எட்டு நிமிடங்கள்கூடப் பேசியிருக்கவில்லை.

ஆகவே இம்முறை எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகின்றோம். அறிவுசார் குறைபாடு உடைய பயணிகளிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்ற பயிற்சி, பேருந்து ஓட்டுநர் நடத்துநர் ஒவ்வொருவருக்கும் பணியில் சேரும்போதே கட்டாயமாக்கப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படவும் வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் மாற்றுத்திறனாளிகள் நாளில் நடைபெறும் ஒரு மணி நேரச் சொற்பொழிவை நாங்கள் பயிற்சி என்று கருதவில்லை.

இதில் பேருந்துத் துறை ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு அளிக்கப்பட்ட கட்டணமில்லாப் பயணம், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாள் ஒருவருக்கும் நீட்டிக்கப்பட்டது. எங்கள் புறநோயாளிப் பிரிவில் அதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. பாதியில் சிகிச்சையை நிறுத்தியிருந்த சில குடும்பங்கள் திரும்பி வந்தன. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடுகின்றன. சக்கர நாற்காலியில் வருவோர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிப் பெற்ற உரிமை அது. அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கிகளும் மாநகரப் பேருந்துகள் பலவற்றில் வந்துவிட்டன. அந்த அறிவிப்பு பார்வையற்றோருக்காக என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். எழுத்துப் படிக்க இயலாத எங்கள் இளைஞர்களுக்கும் அது பேருதவி.

ஆயினும் இவையெல்லாம் வண்டியில் செய்த மாற்றங்கள். கால் நடவாதவருக்கு எது தடை என்பது கண்ணுக்குத் தெரியும்; அதனை இரும்பாலும் பலகையாலும் சரிசெய்யலாம். அறிவுசார் குறைபாடு உடையவருக்குப் படிக்கட்டு தடையன்று. அவசரமாகக் கேட்கப்படும் கேள்வி தடை. திடீரென மாற்றப்படும் வழித்தடம் தடை. நிறுத்தத்தைத் தாண்டி நூறடி தள்ளி நிற்கும் வண்டி தடை. இவற்றை எந்தப் பொறியாளராலும் சரிசெய்ய முடியாது. வண்டியில் பணியாற்றும் இருவரே சரிசெய்ய முடியும்.

சட்டமும் இந்த இடத்தில் சற்றுத் தயங்கி நிற்கின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றில் அடங்கும். அறிவுசார் குறைபாட்டைச் சிந்தித்தல், கற்றல், சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாமல், அன்றாட வாழ்வுக்கான திறன்களில் உள்ள குறைவையும் சேர்த்தே அச்சட்டம் விளக்குகின்றது. பேருந்தில் செல்வது அத்தகைய அன்றாடத் திறன்களில் ஒன்று. அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்தைப் பற்றியது. வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு வழங்குமிடம், வாகனங்களின் வடிவமைப்பு, சாலைகள் ஆகியவற்றை அது பேசுகின்றது. 47ஆம் பிரிவு யார் யாருக்கு மாற்றுத்திறன் குறித்த பயிற்சி வேண்டும் என்று கூறுகின்றது. ஊராட்சி உறுப்பினர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் அலுவலர்கள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள் என்று அப்பட்டியல் நீள்கின்றது. ஓட்டுநர் என்ற சொல்லும் நடத்துநர் என்ற சொல்லும் அதில் இல்லை. 'பிற தொழில்முறையாளர்கள்' என்ற தொடருக்குள் அவர்களையும் அடக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அதனை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு நீதிபதியை எங்கள் நோயாளிகளுள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்கப் போவதில்லை. நடத்துநரை வாரம் நான்கு முறை சந்திக்கின்றார்கள்.

பிற நாடுகளில் இது எப்பொழுதோ விதியாகிவிட்டது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட போக்குவரத்து விதிகள், பணியாளர்கள் தத்தம் பணிக்கேற்பத் தேர்ச்சி பெறும்வரை பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்றும், குறைபாடுடைய பயணிகள் ஒருவருக்கொருவர் வேறுபட்டவர்கள் என்பதை உணர்ந்து மரியாதையுடன் நடத்தப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. பிரிட்டனில் பேருந்து ஓட்டுநர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரம் தொடர் பயிற்சி பெற்றாக வேண்டும். 2018 மார்ச் முதல் அங்கே மாற்றுத்திறன் விழிப்புணர்வுப் பயிற்சியும் ஓட்டுநர்களுக்குக் கட்டாயமானது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளும் கற்றல் குறைபாடுகளும் அதன் பாடப்பொருளில் அடங்கும். அங்குள்ள பேருந்துகளில் பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே இருக்கின்றார். சீட்டைப் பார்ப்பதும் வழி சொல்வதும் வண்டியை ஓட்டுவதும் அவர் ஒருவரே. நம் ஊரிலோ பெரும்பாலான பேருந்துகளில் நடத்துநர் என்று ஒருவர் தனியாக இருக்கின்றார். பயணிகளிடையே நடந்து வந்து, ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துப் பேசும் ஒரு மனிதர். நடத்துநரே இல்லாத வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், அவர் நமக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, அப்பயிற்சியில் எதைக் கற்பிப்பது என்பதற்கு வருவோம். நாங்கள் எங்கள் கூடத்தில் அன்றாடம் செய்வனவற்றிலிருந்தே சொல்கின்றோம்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் காத்திருத்தல். எங்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுவார்கள். கேள்வி காதில் விழுந்து, பொருள் புரிந்து, விடை உருவாகி, அது வாய்க்கு வருவதற்கு எங்கள் இளைஞர்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். ஐந்தாவது நொடியில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டால், அது அவர்களுக்குப் புதிய கேள்வி. எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். உரக்கக் கேட்டால் இன்னும் தாமதமாகும். பத்து நொடி என்பது நின்று பார்த்தால் மிக நீளமானது என்பதை நாங்கள் ஒப்புக்கொள்கின்றோம். அதற்காகத்தான் பயிற்சி வேண்டும் என்கின்றோம்.

இரண்டாவது, 'ஆமாம்' என்ற விடையை நம்பாமை. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். அறிவுசார் குறைபாடு உடையவர்களுள் பலர், எதிரில் இருப்பவர் என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிடும் இயல்புடையவர்கள். மறுத்துப் பேசினால் திட்டு விழும் என்று வாழ்நாள் முழுதும் கற்ற பாடம் அது. "தாம்பரமா?" என்று கேட்டால் ஆமாம் என்பார், உடனே "கிண்டியா?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் ஆமாம் என்பார். எனவே பெயரைச் சொல்லிக் கேட்காமல், "எங்கே இறங்கணும்?" என்று கேட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். விடை வராவிட்டால், எழுதி வைத்திருக்கின்றாரா, அட்டை இருக்கின்றதா என்று பார்க்கலாம். நாம் சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னால் அது கேலியன்று. ஆட்டிசம் உடையவர்களிடம் இது மிகுதி. கேட்டது காதில் விழுந்தது, விடை தேடிக்கொண்டிருக்கின்றேன் என்பதே பல நேரங்களில் அதன் பொருள்.

மூன்றாவது, பயணியிடமே பேசுதல். துணைக்கு வந்தவரைப் பார்த்து, "இவன் எங்கே இறங்குவான்?" என்று கேட்பதை எங்கள் இளைஞர்கள் நன்றாகவே புரிந்துகொள்கின்றார்கள். புரியாதது போல் இருப்பது வேறு, புரியாமல் இருப்பது வேறு. இதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நடத்துநர்களைவிட மேலானவர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்கள் புறநோயாளிப் பிரிவிலேயே முப்பது வயது மனிதரை விட்டுவிட்டு அவருடைய தந்தையிடம் "சாப்பிடுறானா?" என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

நான்காவது சற்று நுட்பமானது. நம் பேருந்துகளில் ஒரு பக்க இருக்கைகள் மகளிருக்கு உரியவை. காலி இடம் கண்டால் அமர வேண்டும் என்று மட்டும் கற்றிருக்கும் ஆண் ஒருவர் அங்கே அமர்ந்துவிட்டால், அல்லது எதிரில் இருக்கும் பெண்ணின் வளையலையோ கைக்குழந்தையையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு அடியில் முடிந்ததுண்டு. அந்தப் பெண்களின் அச்சமும் பொய்யன்று. அவர்கள் பேருந்தில் படும் துன்பம் ஊரறிந்தது. இரு தரப்பையும் காக்கும் வகையில், தொடாமல், அதட்டாமல், "தம்பி, இங்க வாங்க, இந்த சீட்டுல உக்காருங்க" என்று இடத்தைக் காட்டிச் சொல்ல நடத்துநர் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. அறிவுசார் குறைபாடு உடைய பெண்ணை யாரேனும் தொல்லை செய்தால், அவர் கூச்சலிடமாட்டார். சில நேரங்களில் சிரிக்கவும் செய்வார். கூட்டத்தில் அப்பெண்ணின் அருகே யார் நிற்கின்றார் என்பதை ஒரு கண் பார்த்துக்கொள்ள நடத்துநரைவிடத் தகுந்தவர் வண்டியில் இல்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றோர் ஏன் தனியே அனுப்புவதில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வலிப்பையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கின்றது. ஓடும் வண்டியில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாவிக்கொத்தோ இரும்புக் கம்பியோ கையில் திணிக்கப்படும். யாரேனும் வாயில் தண்ணீர் ஊற்ற வருவார். இவை எதுவும் வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, தலையில் அடிபடாமல் துணியோ பையோ வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டாலோ, தெளிவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். தெளிந்தவுடன் அவர் சற்றுக் குழம்பியிருப்பார், அப்பொழுது இறக்கிவிடலாகாது. அரை மணி நேரத்தில் கற்பித்துவிடக்கூடிய இதனை ஒவ்வொரு நடத்துநரும் அறிந்திருந்தால், மற்றப் பயணிகளுக்கும் அது நன்மையே.

ஓட்டுநருக்கென்று தனியே சில உண்டு. வண்டியை நிறுத்தத்திலேயே நிறுத்துவது அவற்றுள் தலையாயது. மற்றவர்கள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். நிறுத்தத்தில்தான் நிற்க வேண்டும் என்று கற்ற எங்கள் இளைஞர் ஓடமாட்டார். அவர் நின்ற இடத்திலேயே நிற்பார், பேருந்து போய்விடும். சாலைப்பணிக்காகவோ திருவிழாவுக்காகவோ வழித்தடம் மாறினால், அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வழக்கமான பாலம் வராமல் வேறு தெரு வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு உலகமே தலைகீழாகிவிடும். அப்பொழுது எழும் அலறலை முரட்டுத்தனம் என்று எண்ணிக் கையைப் பிடித்து இழுத்தால் நிலைமை மோசமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: அறிவுசார் குறைபாடு உடையவர் என்று ஐயம் எழுந்தால், எக்காரணம் கொண்டும் அவரை அறியாத இடத்தில் தனியே இறக்கிவிடக் கூடாது. கடைசி நிறுத்தம் வரை வண்டியிலேயே இருக்கச் செய்து, நேரக்காப்பாளர் அறையில் அமரவைத்து வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். பயிற்சியில் வேறு எல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று மனத்தில் நின்றால் போதும் என்றே நாங்கள் கருதுகின்றோம்.

அடையாள அட்டை தொங்கவிட்டால் போதாதா என்று சில பெற்றோர் கேட்டார்கள். லண்டன் அருகேயுள்ள கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் சூரியகாந்திப் பூ அச்சிட்ட கழுத்துப்பட்டை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உடையவர் விரும்பினால் அதனை அணியலாம். அது இப்பொழுது பல நாடுகளுக்கும் பரவியிருக்கின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூவைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஊழியருக்குக் கற்பித்த பிறகே அது பயன்பட்டது. கற்பிக்காத ஊரில் அது வெறும் பட்டையாகவே இருக்கும். மேலும், பேருந்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் கழுத்தில் குறையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதை விரும்பாத பெற்றோர் பலர். கெடுநோக்கு உடையவருக்கும் அது அடையாளம் காட்டிவிடும் என்ற அவர்களின் அச்சத்தை நாங்கள் தள்ளிவிடமாட்டோம். "பார்த்தா நல்லாத்தானே இருக்கான்" என்று நடத்துநர் சொல்வதை நிறுத்த, பயணி தம் குறையை விளம்பரப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது முறையாகாது.

நடத்துநர்களின் தரப்பையும் கேட்டோம். எங்கள் வளாகத்துக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் வண்டி புறப்படக் காத்திருக்கும் சிலரிடம் பேசியபோது அவர்கள் சொன்னது எங்களுக்குப் புதிய பாடம். காலையில் நடை தொடங்கினால் உணவு வேளைகூட நிச்சயமில்லை. கட்டணமில்லாச் சீட்டில் அட்டையைச் சரிபார்க்காமல் விட்டால் பரிசோதகர் வந்து கேட்பது அவர்களைத்தான். ஒரு நடை ஐந்து நிமிடம் தாமதமானால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். "நீங்க பத்து செகண்ட் காத்திருக்கச் சொல்றீங்க சார், எனக்கு அந்தப் பத்து செகண்டை யாரு தருவாங்க?" என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. வகுப்பில் பொறுமையைக் கற்பித்துவிட்டு, கால அட்டவணையில் அதற்கு இடம் தராமல் இருந்தால் அப்பயிற்சி ஏமாற்றே. ஆகவே எங்கள் கோரிக்கை நடத்துநரிடம் மட்டும் நிற்பதாகாது. உதவி தேவைப்படும் பயணிக்காக வண்டி நின்ற நேரத்தை நடைத்தாளில் குறிக்க இடம் வேண்டும். அதற்கு விளக்கம் கேட்கலாகாது.

பயிற்சியை யார் நடத்துவது என்பதில் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. மருத்துவர்கள் வேண்டாம், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கின்றோம். திரையில் மூளையின் படத்தைக் காட்டி, வகைப்பாடுகளை வாசிப்போம்; கேட்பவர் உறங்கிவிடுவார். அறிவுசார் குறைபாடு உடைய ஒருவரும் அவருடைய தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ பணிமனைக்குச் சென்று, நிறுத்திவைத்த வண்டியில் ஏறி, நடத்துநர் கேட்க இவர் விடை சொல்ல, அவ்வாறு அரை நாள் பழகினால் அதுவே பயிற்சி. இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கின்றது. போக்குவரத்துக் கழகங்களிலும் பணியில் சேருவோருக்குப் பயிற்சி நடக்கின்றது. இருக்கும் வகுப்பில் அரை நாளைச் சேர்க்கத்தான் கேட்கின்றோம்.

சென்ற கோடையில் இதனைச் சிறிய அளவில் செய்து பார்த்தோம். பேருந்துப் பணியாளர்கள் ஒன்பது பேர், தங்கள் விடுப்பு நாளில், எவ்விதப் படியும் பெறாமல் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதனைப் பேருந்தாக்கினோம். எங்கள் இளைஞர்கள் பயணிகள். முதல் அரை மணி நேரம் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். பிறகு, வயதில் மூத்த நடத்துநர் ஒருவர், தோள்பையைச் சரிசெய்துகொண்டு தம் வழக்கப்படியே கேள்விகளை அடுக்கினார். எங்கள் பெண்களுள் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் நின்றுவிட்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு அவள் எதிரில் குனிந்து, "எங்கம்மா இறங்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவள் தன் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. ஆனால் சொன்னாள். புறப்படும்போது அவர், முன்பெல்லாம் எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பேனோ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதை எங்கள் பயிற்சியாளர் கேட்டார்.

ஒன்பது பேர் என்பது ஒன்றுமில்லை. ஒரே ஒரு பணிமனையில்கூட நூற்றுக்கணக்கானோர் பணியாற்றுகின்றனர். ஆகவே வாசகர்களாகிய உங்களிடம் ஓர் உதவி கேட்கின்றோம். புறநோயாளிப் பிரிவின் நுழைவாயிலில், மருந்துச்சீட்டுப் பதிவு செய்யும் மேசைக்கு அருகே ஒரு பெட்டி வைத்திருக்கின்றோம். பேருந்தில் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ நேர்ந்ததை எழுதிப் போடுங்கள். வழித்தட எண், நாள், நேரம், நடந்தது என்ன என்பன போதும். பெயர் எழுத வேண்டியதில்லை. எழுத இயலாதவர்கள் சமூகப் பணியாளரிடம் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். நல்லதையும் எழுதுங்கள். நிறுத்தம் வந்ததும் தட்டி எழுப்பி இறக்கிவிட்ட நடத்துநரைப் பற்றியும், ஏறும்வரை வண்டியை எடுக்காமல் நின்ற ஓட்டுநரைப் பற்றியும் நாங்கள் அறிய வேண்டும். நான்கு மாதக் குறிப்புகளைத் தொகுத்துப் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் எங்கள் கோரிக்கையுடன் எடுத்துச் செல்ல இருக்கின்றோம். குறைகளை மட்டும் எடுத்துச் சென்றால் விளக்கக் கடிதம் ஒன்று வரும், கோப்பு மூடப்படும். சரியாக நடந்துகொண்டவர்களின் செய்கைகளையும் சேர்த்துக் கொடுத்தால், அவற்றையே பாடமாக வைக்கக் கேட்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன இளைஞர் மீண்டும் பேருந்தில் வரத் தொடங்கியிருக்கின்றார். இம்முறை 'ஐடி' என்ற சொல்லையும் கற்பித்துவிட்டோம். இறங்குமிடத்தின் பெயரும் தாயாரின் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருக்கின்றது. கேட்டால் எடுத்துக் காட்டுகின்றார். அந்த வழித்தடத்தில் காலை நடையில் வரும் நடத்துநர் எங்கள் வகுப்புக்கு வந்த ஒன்பது பேருள் ஒருவர். மாலை நடையில் வருபவர் அல்லர். ஆகவே காலையில் இளைஞர் முன்வாயிலில் ஏறுகின்றார், தாயார் பின்வாயிலில் ஏறிப் பார்க்காததுபோல் நிற்கின்றார். மாலையில் இருவரும் அருகருகே அமர்ந்து திரும்புகின்றார்கள். காலையில் தாயார் நிறுத்தத்தோடு நின்றுவிடுவது அடுத்த கட்டம். வரும் மாதத்திலிருந்து முயன்று பார்க்கலாம் என்று கேட்டிருக்கின்றோம். அவர் இன்னும் விடை சொல்லவில்லை.